படியெடுத்த உடலும் படியெடுக்கலாகா உயிரும்

உயிர்கள் அநாதி, அவை ஒருவராற் படைக்கப்பட்டன அல்ல, இறைவன் அவற்றிற்குத் தனு கரண புவன போகங்களை வினைக்கீடாகக் கூட்டுகின்றான் என்பது சைவசித்தாந்தத்தின் துணிபு. தாய் தந்தையர் உடம்பு தோன்றுதற்கு வாயிலாவதன்றி உயிர்க்குக் காரணராகார் என்பதும் அத்துணிபின்பாற்பட்டதே. இவ்வாறிருப்ப, தந்தை என ஒன்று இன்றியே, வளர்ந்து முற்றிய ஒரு விலங்கின் உடம்பினின்று கண்ணுக்குப் புலனாகாத ஒரு துணுக்கை எடுத்து, அதனைக்கொண்டு அவ்விலங்கை ஒத்த மற்றொரு விலங்கைத் தோற்றுவிக்கும் வித்தை மேனாட்டில் தோன்றி வளர்ந்துவிட்டது. அதனைக் குளோனிங் என வழங்குவர். படியெடுத்தல் எனத் தமிழிற் கூறலாம். இதனைக் கேள்வியுற்ற சைவ நன்மக்களுட் சிலர், 'உடம்பைப் படியெடுத்தால் உயிரும் படியெடுக்கப்பட்டதாகுமன்றோ? ஆயின் உயிர் அநாதி என்றல் எங்ஙனம் பொருந்தும்?' என ஐயுறுகின்றனர். வேறு சிலர், 'இஃது இறைவனது படைப்புத் தொழிலை மனிதன் கவர்ந்துகொள்ளும் பெரும்பாவம்' என வெகுள்கின்றனர். ஐயம் நீங்குதற்கும், வெகுளி தனக்குரிய இடத்திற் சென்று சேர்தற்கும், முதற்கண் அவ்வித்தையின் இயல்பை அறிதல் வேண்டும்.

குளோன் என்னும் பெயர், சிறுகொம்பு எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்தது. வாழைக்குக் கன்றும், கரும்புக்குக் கரணையும், முருங்கைக்குப் போத்தும் நடுகின்றோர் யாவரும் இத்தொழிலையே செய்கின்றனர். விதையின்றி வரும் அப்பயிரெல்லாம் தாய்ப்பயிரின் படிகளே. நால்வகைத் தோற்றங்களுள் உற்பிச்சமாவது வித்தினும் வேரினும் கொம்பினும் முளைப்பது என முன்னோர் கொண்டமையின், இவ்வகைப் பிறப்பு அவர்க்குப் புதிதன்று. கருப்பையிற் பிறக்கும் சராயுசத்தினும் அஃது இயன்றமையே புதிது.

இயன்றவாறு கூறுதும். ஓர் உடம்பிலுள்ள உயிரணுக்களுட் பெரும்பாலானவற்றின் உட்கருவில், அவ்வுடம்பு முழுவதற்கும் உரிய அமைப்பு, சுவடியில் எழுத்துப்போலப் பொறிக்கப்பட்டுளது. ஆயினும் ஈரல் அணுவில் ஈரலுக்கு வேண்டிய ஏடுகளே விரிந்திருக்கும். தோல் அணுவில் தோலுக்கு வேண்டியனவே விரிந்திருக்கும். ஏனைய ஏடுகள் உடனிருந்தும் கட்டுண்டு கிடக்கும். ஒருமுறை கட்டுண்ட ஏடு மீள விரியாது என்றே அறிவியலார் நெடுங்காலம் எண்ணினர். இங்கிலாந்து தேயத்து ஜான் கர்டன் என்பார், தவளையின் முட்டையிலுள்ள உட்கருவைக் கெடுத்து, தலைப்பிரட்டையின் குடல் அணுவினின்று எடுத்த உட்கருவை அதனுள் வைத்து, அதனின்றும் தவளை தோன்றியதனை 1962இல் வெளியிட்டார். முட்டையினுள் உள்ள ஆற்றல் கட்டிய ஏடுகளை அவிழ்க்க வல்லது என்பது அதனாற் புலனாயிற்று.

பாலூட்டும் விலங்கில், அதுவும் முற்றி வளர்ந்த ஒன்றின் அணுவினின்று, இது கைகூடியது ஸ்காட்லாந்து தேயத்து எடின்பரோ நகரை அடுத்த ராஸ்லின் ஆராய்ச்சி நிலையத்தில். ஆறு வயதான ஓர் ஆட்டின் மடியினின்று எடுத்த அணுவை, மற்றோர் இனத்து ஆட்டின் உட்கரு நீக்கிய முட்டையோடு மின்சாரத்தால் இணைத்து, மூன்றாவதோர் ஆட்டின் கருப்பையில் வளர்த்தனர். 1996 ஜூலை 5இல் ஒரு பெண்குட்டி பிறந்தது. இயன் வில்மட், கீத் கேம்பெல் முதலிய அறிஞர் அதற்கு டாலி எனப் பெயரிட்டு 1997இல் உலகிற்கு அறிவித்தனர். அணு ஈந்த ஆடு அதற்கு முன்னரே இறந்துபட்டிருந்தது.

இனி, முதல் ஐயத்தை நோக்குவாம். டாலி பிறந்தபொழுது இறந்த ஆடு மீண்டதோ எனின், இல்லை. அதன் கன்மத்தை இது நுகர்ந்ததோ எனின், அதுவும் இல்லை. டாலி தனக்குரிய புல்லைத் தின்றது. ஆறு குட்டிகளை ஈன்றது. நுரையீரல் நோயுற்று, துன்பம் மிகுந்தமையால் 2003 பிப்ரவரி 14இல் மருந்தினால் முடிவுறுத்தப்பட்டது. இவையெல்லாம் அதன் பிராரத்தமேயன்றிப் பிறிதொன்றின் பிராரத்தமாகா. ஒரு கருவே இரண்டாகப் பிரிந்து பிறக்கும் இரட்டைப் பிள்ளைகளை உலகம் தொன்றுதொட்டுக் கண்டுவருகின்றது. அவர் உடம்பும் ஒன்றன் படி மற்றொன்றாகவே அமைவது. ஆயினும் ஒருவன் உண்ண மற்றவன் பசி தீர்ந்ததில்லை. ஒருவன் கற்க மற்றவன் புலவனானதில்லை. படியெடுத்த விலங்கு, காலத்தாற் பிற்பட்டு வந்த இரட்டையே. ஒரே அச்சில் இரண்டு மனை எழுப்பியவழிக் குடிபுகுவோரும் ஒருவரே என்பார் இலர்.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. இச்செய்தியைக் கொண்டு உலகாயதர் மதம் வீழ்ந்தது என முழங்குதல் நன்றன்று. 'இரண்டு உடம்பு இருத்தலின் இரண்டு அறிவு தோன்றின. அதற்கு உயிர் வேண்டாம்' என அவர் எளிதில் விடை கூறுவர். உடம்பின் வேறாய் உயிர் உண்டு என்பதற்கு மெய்கண்டார் சிவஞானபோதத்து மூன்றாஞ் சூத்திரத்தில் நிறுவிய ஏதுக்களே இன்றும் துணையாவன. ஸ்காட்லாந்து ஆட்டின் துணை அவற்றிற்கு வேண்டப்படுவதன்று. புதிய கண்டுபிடிப்பு வந்துழியெல்லாம் அதனைச் சமயத்திற்குச் சான்றாக இழுத்துக்கொள்வோர், அக்கண்டுபிடிப்புத் திருத்தமுறுங்காலத்துச் சமயத்தையும் உடன் தளரவிடுவர்.

இரண்டாவது கூற்று, படைப்புத் தொழிலைக் கவர்ந்தான் என்பது. குடத்திற்கு மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணன். படியெடுப்போன் இவற்றுள் யாதாவன்? முட்டையை அவன் ஆக்கியதில்லை, உட்கருவையும் ஆக்கியதில்லை, கட்டிய ஏட்டை அவிழ்க்கும் ஆற்றலும் அவனது அன்று, முட்டையின் அகத்தது. உள்ளதனை உள்ளதனோடு சேர்த்தல் ஒன்றே அவன் செயல். இல்லது தோன்றாது, உள்ளதே வெளிப்படும் என்னும் சற்காரிய வாதத்திற்கு இதனால் இழுக்கு யாதுமில்லை. மாயையின் காரியமாகிய உடம்பு மாயையினின்றே வந்தது. ஒட்டுமாவின் கனியை உண்போர் எவரும், தோட்டக்காரன் பிரமதேவன் தொழிலைப் பறித்தான் என அஞ்சி அதனை விலக்கியதில்லை. ஆதலின் இவ்வெகுளி இடம் பிழைத்தது. குற்றம் வேறிடத்தது.

இவ்வித்தையால் விளையும் நன்மைகள் பொய்யல்ல. 1997இல் ராஸ்லினிற் பிறந்த பாலி என்னும் ஆடு, மனிதர்க்குக் குருதி உறைதற்கு வேண்டிய ஒரு பொருளைத் தன் பாலிற் சுரக்குமாறு அமைக்கப்பெற்றது. இந்தியாவில் கர்னாலிலுள்ள தேசியப் பால்வள ஆராய்ச்சி நிலையத்தார் 2009 முதல் எருமைகளைப் படியெடுத்துவருகின்றனர். முதலாவது கன்று சில நாளில் இறந்தது. அவ்வாண்டே பிறந்த கரிமா ஈராண்டிற்கு மேல் வாழ்ந்தது. 2010இற் பிறந்த இரண்டாம் கரிமா வளர்ந்து, 2013இல் இயற்கை முறையிற் கருவுயிர்த்துக் கன்று ஈன்றது. இவற்றினும் கருதத்தக்கது வட அமெரிக்காவிலுள்ள கருங்கால் ஃபெரெட் என்னும், கீரியை ஒத்த சிறு விலங்கின் செய்தி. அவ்வினம் அருகி, எஞ்சியவையெல்லாம் ஏழு விலங்குகளின் வழியே வந்தனவாயின. 1988இல் இறந்த வில்லா என்னும் ஒன்றின் அணுக்கள் கலிபோர்னியாவிலே உறைகுளிரிற் சேமிக்கப்பட்டிருந்தன. அதற்கு வழிவந்தோர் இல்லை. அவ்வணுவினின்று 2020 டிசம்பரில் ஒரு குட்டி தோன்றிற்று. பின்னர்ப் பிறந்த அதன் படியொன்று 2024இல் தானே குட்டிகளை ஈன்றமையின், அற்றுப்போன எட்டாவது மரபு அவ்வினத்துட் கலக்க வழி பிறந்தது. அழிவுறும் ஓர் இனத்தைத் தாங்குதற்குச் செய்த இதனைப் பழிப்பார் யார்?

ஆயினும் இப்பயன்களுக்கு ஈந்த விலையை அறியாமற் புகழ்தல் தகாது. டாலி ஒன்று பிறத்தற்கு 277 முட்டைகள் இணைக்கப்பட்டன. அவற்றுட் கருப்பையில் வைக்கத் தக்கனவாக வளர்ந்தவை 29. அவற்றை 13 ஆடுகள் ஏற்றன. பிறந்தது ஒன்றே. ஏடு அவிழ்க்குங்காற் சில ஏடுகள் அவிழாது நிற்பின், கரு சிதையும். அன்றிக் குட்டி அளவிறந்து பருத்துத் தாயை வருத்தும். அன்றி நுரையீரல் செவ்வனே அமையாது பிறந்தவுடன் மூச்சுத் திணறும். ஸ்பெயின் நாட்டுப் பிரனீஸ் மலையில் வாழ்ந்த ஒருவகைக் காட்டாடு 2000இல் முற்றும் அழிந்தது. அதன் கடைசிப் பெண்ணாட்டின் அணுவினின்று 2003இல் ஒரு குட்டியைத் தோற்றுவித்தனர். அது நுரையீரற் குறையால் நிமிட அளவில் இறந்தது. ஓரினம் இருமுறை அழிந்தது என்னும் துயர்ச்சொல் அதனாற் பிறந்தது. நேர்மை கருதி மற்றொன்றும் கூறல் வேண்டும்: படிகளெல்லாம் விரைவில் மூப்பெய்தும் எனப் பரவிய அச்சம் முற்றும் உண்மையன்று. டாலியின் அணுவரிசையினின்றே பிறந்த நான்கு ஆடுகள் நாட்டிங்காமில் நலத்தோடு மூப்பெய்தியதை 2016இல் ஆராய்ந்து வெளியிட்டனர்.

ஒரே அச்சினால் வரும் கேடு பயிரினும் உண்டு. தென்னமெரிக்க, நடு அமெரிக்கத் தேயங்களில் குரோ மிஷேல் என்னும் ஒருவகை வாழையையே கன்றுவழி நாடெங்கும் நட்டு ஏற்றுமதி செய்துவந்தனர். பனாமா வாடல் நோய் தோன்றியபொழுது, ஒன்றைக் கொன்றது எல்லாவற்றையும் கொன்றது. 1960களில் அவ்வாணிகத்தினின்று அவ்வினம் அற்றுப்போயிற்று. அதன் இடத்தைப் பெற்ற கேவண்டிஷ் வாழையும் அவ்வாறே ஒரே அச்சினது. அந்நோயின் புதிய வகை 2019இற் கொலம்பியாவை எய்தி அதனையும் பற்றிவருகின்றது. ஆனிரையையும் இங்ஙனம் ஒரே அச்சாக்க விழைவோர் இதனை எண்ணற்பாலர்.

இனி, சீனத்து ஷாங்காய் நகரில் 2017இன் இறுதியிற் குரங்குகளைப் படியெடுத்தனர். 79 கருக்களை 21 தாய்க்குரங்குகளில் வைக்க, உயிரோடு வளர்ந்தவை இரண்டு. அடுத்து 2019இல் அவர் வெளியிட்டது மேலும் சிந்தித்தற்குரியது. உறக்கமும் விழிப்பும் முறைப்பட வேண்டிய ஒரு கூறு கெடுமாறு முன்னரே மாற்றப்பட்ட ஒரு குரங்கைத் தெரிந்து, அதன் படிகளாக ஐந்து குரங்குகளைத் தோற்றுவித்தனர். உறக்கமின்மையும் அச்சமும் சோர்வும் அவற்றிற்குப் பிறப்பிலேயே உரியவாயின. நோய் பலவற்றை ஆராய்ந்து மனிதர்க்கு மருந்து காண்டற்கே இது செய்யப்பட்டது என்பர். நோக்கம் பழிக்கத்தக்கதன்று. ஆயின், நேர்ந்த நோயைத் தீர்த்தல் வேறு. நோயையே அச்சாக வார்த்து, அவ்வச்சில் உயிர்கள் வந்து தங்குமாறு செய்தல் வேறு.

அற்றேல், 'துன்புறும் உயிர் தான் முன்செய்த வினையின் பயனையே துய்க்கின்றது. வினையின்றி அவ்வுடம்பு அதற்கு வாராது. ஆதலிற் படியெடுத்தோனைக் குற்றங்கூறுதல் சித்தாந்தத்தோடு முரணும்' எனின், இது பலரும் மயங்கும் இடம். சற்றே நின்று ஆராயற்பாலது. அவ்வுயிர்க்கு அவ்வுடம்பு வினைவழி வந்தது என்பது மெய். எனினும், அவ்வினைப்பயனை ஊட்டும் வாயிலாகத் தன்னை இச்சையோடு நிறுத்திக்கொண்டோன், அச்செயலால் தனக்கு ஆகாமியத்தை ஈட்டிக்கொள்கின்றான். கொலையுண்டவன் தன் ஊழால் இறந்தான் என்பதனால் கொலைஞன் தூயனாயின், உலகில் அறநூலும் வேண்டா, அரசனது தண்டமும் வேண்டா. வினையை ஊட்டுவோன் இறைவன். அவன் ஊட்டுவது மலம் தீர்க்கும் மருந்தாகக் கருணையினால். மனிதன் ஊட்டுவது தன் பயன் நோக்கி. இரண்டற்கும் உள்ள வேறுபாட்டை மறந்து, ஊழைத் தன் கொடுமைக்குப் போர்வையாக்குதல், ஊழ் உண்டென்பதனை மறுத்தலினும் தீது. 277ல் ஒன்று என்னும் கணக்கு அறிவியலார்க்கு ஈட்டம். அறநோக்கினர்க்கு அதன் மறுபக்கமும் கணக்கே.

விலங்கினிடத்தே இஃதாயின் மக்களிடத்துக் கூறவேண்டா. மனிதரைப் படியெடுத்தல் தகாது என 1997இல் யுனெஸ்கோ அறிவித்தது. 2001இல் பிரிட்டன் சட்டத்தால் விலக்கியது. 2005இல் ஐக்கிய நாடுகள் பேரவை ஒரு பிரகடனத்தை நிறைவேற்றியது. அப்பிரகடனத்திற்கு உடன்பட்ட நாடுகள் 84, மறுத்தன 34, வாக்கு அளியாதன 37. மறுத்தவற்றுட் பல, மனிதரைப் படியெடுக்க விழைந்தன அல்ல. நோய் தீர்க்கும் ஆராய்ச்சியும் உடன் தடைப்படும் என்றே மறுத்தன. ஆகவே மனிதப் படி கூடாது என்பதில் உலகம் பெரிதும் ஒருமித்துளது. ஏன் கூடாது என்பதிலேதான் தெளிவில்லை. 'ஆபத்து மிகுதி' என்பதே பலரும் கூறும் ஏது. ஆபத்து நாளை நீங்குமாயின் அவ்வேதுவும் நீங்கிவிடும்.

ஆபத்தே இல்லை எனக் கொள்வாம். பத்து வயதில் மகனை இழந்த தாயொருத்தி, அவன் உடம்பின் அணு ஒன்றை முன்வைத்து, 'இவனைத் திருப்பித் தருக' என்று வேண்டுகின்றாள் எனக் கொள்வாம். அவள் கண்ணீரை இகழ்தற்கு யார்க்கும் உரிமையில்லை. ஆயினும் அவ்வணுவினின்று வரும் பிள்ளை யார்? அவன் வேறோர் உயிர். வேறு சஞ்சிதத்தினின்று வேறு பிராரத்தத்தை முகந்துகொண்டு, மலம் பரிபாகமுறுதற்குத் தனக்கென ஒரு பிறவியைப் பெற்று வந்தவன். அவனைத் தாய் நோக்குந்தோறும் மற்றொருவனையே காண்பாள். அவன் சிரித்தால் முன்னவன் சிரிப்போடு ஒப்பிடுவாள். வேறாக நடந்தால் மனம் நைவாள். வீட்டிற்கு வந்த விருந்தினனுக்கு இறந்தான் ஒருவன் உடையை உடுத்தி, அவன் பெயரால் அழைத்து, அவனாகவே நடக்குமாறு ஏவுவது போல்வது இது. இறந்தவனும் மீண்டிலன், வந்தவனும் வரவேற்கப்பட்டிலன்.

'பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுகின்றோமே, மகன் தந்தையைப் போலாதல் வேண்டுமென விழைகின்றோமே, அவையும் குற்றமோ?' எனின், அன்று. பெயர் நினைவின் பொருட்டு இடப்படுவது. இடப்பட்டவன் பாட்டனே என எவரும் கருதியதில்லை. விழைவும் பிள்ளை வந்தபின், அவன் இயல்பு கண்டு, வளைந்தும் மாறியும் செல்வது. படியெடுத்தலோ, வருவோன் யார் என அறியாமுன்னரே, அவன் இன்னானாதல் வேண்டும் என அவன் உடம்பின்மேலேயே எழுதிவைப்பது.

இனி எஞ்சியது நோய்தீர்க்கும் பொருட்டுச் செய்யும் படியெடுப்பு. நோயாளியின் அணுவை உட்கரு நீக்கிய முட்டையில் வைத்து, ஐந்தாறு நாள் வளர்ந்த கருவைப் பிரித்து, அதனின்று எவ்வுறுப்பின் அணுவாகவும் வளர வல்ல மூல அணுக்களைப் பெறுதல் அது. 2013இல் அமெரிக்காவிலுள்ள ஆரிகனில் மனித அணுவைக்கொண்டு இதனைச் செய்து காட்டினர். இங்கே இருவகை இடர் உள்ளன. ஒன்று, முட்டை ஈயும் மகளிரின் வருத்தம். தென்கொரியாவில் 2004, 2005ஆம் ஆண்டுகளில் இத்துறையில் வெற்றி கண்டதாக வெளியிட்ட கட்டுரைகள் பொய்யெனத் தெளிந்து 2006இல் நீக்கப்பட்டன; அப்பொய்யின் பொருட்டு இரண்டாயிரத்திற்கு மேற்பட்ட முட்டைகள் மகளிரிடமிருந்து பெறப்பட்டிருந்தன. மற்றொன்று, பிரிக்கப்படும் கருவின் நிலை. உயிர் சூக்கும உடம்போடு போந்து கருவிற் பொருந்தும் என்பது நூல்வழக்கு. ஆண் வித்து இன்றித் தோன்றிய இக்கருவிலும், கருப்பையை அடையாத அந்நாளிலேயே அஃது உளதோ என்பதற்கு, இக்கருவை அறியாத முன்னை நூல்களிலே நேர்விடை தேடுதல் வீண். இருத்தல் கூடும் என்னும் ஐயம் உள்ளவழிக் கத்தியை ஓங்காமை அறிவுடைமை. புதருள் அசைவது மானோ மகவோ எனத் தெரியாத வேடன் அம்பைத் தொடான்.

இவ்விடர்ப்பாட்டினின்று நீங்கும் வழியையும் அவ்வறிவியலாரே கண்டனர் என்பது மகிழ்தற்குரியது. ஜப்பான் தேயத்துக் கியோட்டோ நகரத்து ஷின்யா யமனாகா என்பார், முட்டையும் கருவும் இன்றியே, தோலின் அணுவினுள் நான்கு கூறுகளைச் செலுத்திக் கட்டிய ஏடுகளை அவிழ்க்கலாம் என்பதனை 2006இல் எலியினிடத்தும், 2007இல் மனித அணுவினிடத்தும் காட்டினார். முன் கூறிய கர்டனோடு அவர்க்கும் 2012இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இம்முறையிலும் கட்டியாக வளர்தல் முதலிய கேடுகள் உள. அவை மருத்துவர் ஆராய்ந்து தீர்த்தற்குரியன. ஒரு கருவையும் பிரியாது, ஒரு பெண்ணையும் வருத்தாது அப்பயனை நாடுதற்கு வழி பிறந்தபின், பழைய வழியையே பற்றி நிற்போர் அதற்குக் காரணம் கூறக் கடமைப்பட்டோர்.

இறந்த செல்லப்பிராணியைத் திருப்பித் தருவோம் என வாணிகம் செய்வோர் இன்று உளர். அவ்வாணிக நோக்கோடு தொடங்கிய முயற்சியில், அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்துப் பல்கலைக்கழகமொன்றில் 2001 டிசம்பரில் முதற் பூனைப்படி பிறந்தது. அணு ஈந்த பூனை வெண்மை, கருமை, செம்மஞ்சள் என்னும் மூன்று நிறமும் விரவியது. பிறந்த குட்டியிடத்துச் செம்மஞ்சள் ஒருசிறிதும் இல்லை. வெண்மையோடு பழுப்பு வரிகளே இருந்தன. பெண்பூனையின் ஒவ்வோர் அணுவிலும் நிறத்தைத் தாங்கும் இரண்டு இழைகளுள் ஒன்று அடங்கிக் கிடக்கும்; எடுத்த அணுவிற் செம்மஞ்சள் இழை அடங்கியிருந்தது; அவிழாத ஏடாகவே அது நின்றுவிட்டது. மூலப்பூனை அடக்கமுடையது எனவும், இப்பூனை விளையாட்டு மிக்கது எனவும் கண்டோர் கூறினர். அது வளர்த்தோர் வீட்டில் வாழ்ந்து, 2006இற் குட்டிகள் ஈன்று, பதினெட்டு ஆண்டு கடந்து 2020இல் இறந்தது. அச்செம்மஞ்சள் நிறம் கடைசிவரை அதன்மேல் தோன்றவில்லை.